இலவச ஆன்டிவைரஸ்: எதை வைப்பது, எதை நீக்குவது?

கணினிப் பக்கத்துக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்டிவைரஸ் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரமாக எழுதிய ஒருவருடைய கடிதத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகன் வாங்கித் தந்த விண்டோஸ் 11 மடிக்கணினியில், வாங்கும்போதே ஒரு கட்டண ஆன்டிவைரஸ் ஓராண்டுக்கு இலவசமாகச் சேர்ந்து வந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது. இப்போது கணினியைத் திறக்கும்போதெல்லாம் ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது’ என்று சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை வருகிறது. கடைக்காரர் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்கிறார். அண்ணன் மகனோ இலவசமாகவே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறான். ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பது, மின்கட்டணம் செலுத்துவது, பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவது, இவ்வளவுதான் என் பயன்பாடு. எதை நிறுவலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், ஐயா. உங்களுக்கு வேண்டிய ஆன்டிவைரஸ் அந்த மடிக்கணினியில் விண்டோஸோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். வேறொரு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அந்த மென்பொருள் நீக்கப்பட்டதும் தானாகவே மீண்டும் பொறுப்பேற்கும். விண்டோஸில் அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உங்கள் கணினியில் காலம் முடிந்த மென்பொருள் இடத்தைக் காலி செய்யாமல் இருப்பதுதான் சிக்கல். அது புதிய வைரஸ்களின் அடையாளங்களைப் பெறுவதையும் நிறுத்தியிருக்கக்கூடும், அதே வேளையில் டிஃபெண்டரின் வழியையும் மறித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை நீக்குவதுதான்.

செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று ஆப்ஸ் என்பதையும் அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்பதையும் திறந்தால், கணினியில் உள்ள மென்பொருள்களின் பட்டியல் வரும். அதில் அந்த ஆன்டிவைரஸின் பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுங்கள். நீக்குவதற்கு முன் ‘பாதி விலைக்குத் தருகிறோம்’ என்பது போன்ற சலுகைகளை அது ஓரிரு முறை காட்டலாம். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். நீக்கி முடித்ததும் கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து பாருங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் என்ற கேடயப் படத்தின் மேல் பச்சை நிற டிக் இருந்தால் டிஃபெண்டர் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குள் மேனேஜ் செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, ரியல் டைம் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் ஆகிய இரண்டும் ஆன் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போதே அதைச் சோதிப்பது. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் நிரல் எதுவும் உங்களுக்குத் தெரியாமல் டிஃபெண்டரை அணைத்துவிடாதபடி தடுப்பது.

‘விண்டோஸோடு வருவது வெறும் பெயருக்குத்தான்’ என்று உங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்லக்கூடும். அந்தக் கருத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கித்தான் மைக்ரோசாஃப்ட் இந்தத் துறையில் இறங்கியது. தொடக்கத்தில் டிஃபெண்டர் உளவு நிரல்களை மட்டுமே பிடித்தது. 2009-இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச ஆன்டிவைரஸ் தனியாக வந்தது. 2012-இல் வெளியான விண்டோஸ் 8-இல்தான் அந்தத் திறன் டிஃபெண்டருக்குள் சேர்க்கப்பட்டு, விண்டோஸின் நிரந்தர உறுப்பாக ஆனது. அதன் பிறகும் சில ஆண்டுகள் சோதனைக் கூடங்களில் அது மிகவும் பின்தங்கியே நின்றது. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட் ஆய்வகம், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என்று மொத்தம் 18 மதிப்பெண் வழங்குகிறது. அந்தச் சோதனையில் டிஃபெண்டர் பல ஆண்டுகளாக முழு மதிப்பெண்ணையோ அதை ஒட்டிய மதிப்பெண்ணையோ பெற்றுவருகிறது. கடைக்காரரின் மனத்தில் இருப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய டிஃபெண்டர்.

அதற்குக் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இணைய இணைப்பு இல்லாதபோது அதன் கண்டறியும் திறன் குறைகிறது; ஏனென்றால் சந்தேகமான கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டு முடிவெடுப்பதையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. உங்களைப் போல வீட்டில் எப்போதும் இணைய இணைப்போடு கணினியைப் பயன்படுத்துபவருக்கு இது பெரிய இடையூறு அல்ல.

உங்கள் பயன்பாட்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஓய்வூதியம் வாங்குவோரைக் குறிவைப்பவர்கள் கணினிக்குள் வைரஸை அனுப்பச் சிரமப்படுவதில்லை. ‘உயிர்வாழ் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும்’, ‘இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று தொலைபேசியில் பேசி, ஓடிபி எண்ணைக் கேட்கிறார்கள். அல்லது அவர்கள் சொல்லும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லி உங்கள் திரையைத் தங்கள் கைக்குள் கொண்டுவருகிறார்கள். நீங்களே வாய்விட்டுச் சொல்லும் எண்ணை எந்த ஆன்டிவைரஸாலும், எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், தடுக்க முடியாது.

கேள்வி: அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டர், காஸ்பர்ஸ்கி என்று இத்தனை இலவச ஆன்டிவைரஸ்கள் இருக்கின்றனவே, இவற்றில் எது சிறந்தது? இவர்கள் இலவசமாகத் தருவதன் காரணம் என்ன?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால் முதல் கேள்விக்கான விடை எளிதாகிவிடும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலவசப் பதிப்பைப் பயன்படுத்துபவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் பணம் கட்டி முழுப் பதிப்புக்கு மாறுவார்கள் என்ற எதிர்பார்ப்பே பெரும்பாலான நிறுவனங்களின் வணிக முறை. அடிக்கடி மேலெழும் விளம்பரப் பெட்டிகளுக்கும், ‘உங்கள் கணினியில் 400 தேவையற்ற கோப்புகள் உள்ளன, நீக்கப் பணம் கட்டுங்கள்’ என்பன போன்ற அச்சுறுத்தல்களுக்கும் அதுவே காரணம். இது தொல்லைதானே தவிரக் குற்றமல்ல. லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள எந்தக் கணினியிலும் 400 தற்காலிகக் கோப்புகள் இருக்கத்தான் செய்யும். அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை.

வருமானத்துக்கு இன்னொரு வழியும் இருந்தது. அதுதான் கவலைக்குரியது. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் தோன்றிய அவாஸ்ட், உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் நிறுவப்பட்ட இலவச ஆன்டிவைரஸ். பயனர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களைத் தன் மென்பொருள் வழியாகத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் அது விற்றுவந்ததைப் பத்திரிகையாளர்கள் 2020 ஜனவரியில் வெளிப்படுத்தினார்கள். ஜம்ப்ஷாட் உடனே மூடப்பட்டது. விவரங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குச் சென்றிருந்தன என்று குற்றம்சாட்டிய அமெரிக்க மத்திய வணிக ஆணையம், 2024 பிப்ரவரியில் அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றும், இணையப் பார்வை விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. ஒருவர் எந்த நோயைப் பற்றித் தேடினார், எந்த வங்கியில் கடன் விசாரித்தார் என்பதெல்லாம் அந்த முகவரிப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நம்மைக் காப்பதாகச் சொல்லி வீட்டுக்குள் வந்த மென்பொருள் இதைச் செய்ததை என்னால் எளிதாக மறக்க முடியவில்லை.

நீங்கள் தனித்தனிப் பெயர்களாக எழுதியிருக்கும் மூன்று, உண்மையில் ஒரே குடும்பம். ஏவிஜியை அவாஸ்ட் 2016-இல் வாங்கியது. அவிராவை நார்ட்டன் நிறுவனம் வாங்கியது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் என்ற பெயரைப் பெற்றன. கடையில் நான்கு பெட்டிகள் இருந்தாலும் முதலாளி ஒருவரே. இவற்றின் கண்டறியும் திறன் நல்லதுதான். சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண்ணே பெறுகின்றன. ஆனாலும் டிஃபெண்டர் இருக்கும்போது இவற்றை நாடிச் செல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

காஸ்பர்ஸ்கியின் தொழில்நுட்பத்தைக் குறை சொல்பவர்கள் அரிது. ஆனால் அதன் தலைமையகம் மாஸ்கோவில் இருப்பதைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு 2024 ஜூனில் அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 29-க்குப் பிறகு அமெரிக்கப் பயனர்களுக்கு அது அப்டேட் வழங்கவும் முடியாமல் போனது. அது அந்த நாட்டின் முடிவு. இருந்தாலும், அரசியல் காரணத்தால் ஒரே நாளில் அப்டேட் நின்றுபோகக்கூடிய ஒன்றை வீட்டுக் கணினிக்குப் பரிந்துரைக்க நான் தயங்குகிறேன்.

டிஃபெண்டரை ஏதோ காரணத்தால் விரும்பாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே மாற்று, ருமேனிய நிறுவனமான பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு. வசதிகள் குறைவு, விளம்பரமும் ஒப்பீட்டளவில் குறைவு, கண்டறியும் திறன் அதிகம். அதன் எஞ்சினை, அதாவது வைரஸைக் கண்டறியும் மையப் பகுதியை, பிற நிறுவனங்கள் பலவும் விலைக்கு வாங்கித் தங்கள் பெயரில் பயன்படுத்துகின்றன. இது தொடர்பாக 2015-இல் நடந்த ஒரு நிகழ்வையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. சீன நிறுவனமான சிஹூ 360, சோதனைக் கூடங்களுக்கு அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டர் எஞ்சினை இயக்கிவிட்டு, தன் நாட்டுப் பயனர்களுக்கு அளித்த பதிப்பில் அதை அணைத்து வைத்திருந்தது தெரியவந்தது. அதையடுத்து மூன்று சோதனை அமைப்புகள் சேர்ந்து அந்த ஆண்டு அதற்கு அளித்த தரச் சான்றுகளைத் திரும்பப் பெற்றன. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டுவைத்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு கிடைக்குமா?
- இல்லத்தரசி, சேலம்

பதில்: கிடைக்காது, அம்மா, இருக்கும் பாதுகாப்பும் குறையும். ஒரு கோப்பைத் திறக்கும் கணத்தில் இடைமறித்துச் சோதிப்பதுதான் ஆன்டிவைரஸின் வேலை. இரண்டு மென்பொருள்கள் ஒரே கோப்பை ஒரே கணத்தில் இடைமறித்தால், ஒன்று முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்கும். சில நேரங்களில் ஒன்று பிடித்து அடைத்து வைத்திருக்கும் வைரஸை மற்றொன்று புதிய தாக்குதல் என்று எண்ணிக் கூச்சலிடும். சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வீட்டில், ‘கணினி திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது’ என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், மூன்று ஆன்டிவைரஸ்களின் சின்னங்கள் வரிசையாக நின்றன. வீட்டில் ஒவ்வொருவரும் அவரவருக்குத் தெரிந்த ஒன்றை நிறுவியிருந்தார்கள். மூன்றையும் நீக்கி டிஃபெண்டரிடம் ஒப்படைத்த பிறகு, அதே கணினி இரண்டு நிமிடத்துக்குள் திறந்தது.

எப்போதும் விழித்திருக்காமல், நாம் அழைக்கும்போது மட்டும் சோதிக்கும் மென்பொருளை இரண்டாவதாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு அத்தகையது. நிறுவியதும் முதல் 14 நாட்களுக்குக் கட்டணப் பதிப்பின் வசதிகளும் சேர்ந்து வரக்கூடும். அந்தக் காலம் முடிந்ததும் கேட்டால் மட்டும் சோதிக்கும் நிலைக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: திரையின் வலது ஓரத்தில் அடிக்கடி ஒரு பெட்டி தோன்றி, ‘5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன, உடனே நீக்குங்கள்’ என்கிறது. பிரபலமான ஆன்டிவைரஸின் சின்னமும் இருக்கிறது. ஆனால் அந்த ஆன்டிவைரஸ் என் கணினியில் இல்லவே இல்லை. என் கணினியில் வைரஸ் இருக்கிறதா, இல்லையா?
- வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் இல்லை. அடுத்த முறை அந்தப் பெட்டி வரும்போது தலைப்பைப் படிக்காமல், அதற்குப் பக்கத்திலோ கீழேயோ சிறிய எழுத்தில் உள்ள வரியைப் படியுங்கள். அங்கே கூகுள் குரோம் என்றும், அதையடுத்து நீங்கள் கேள்விப்பட்டிராத ஏதோ ஓர் இணையதளத்தின் முகவரியும் இருக்கும். அப்படியானால் அது ஆன்டிவைரஸ் அனுப்பிய எச்சரிக்கை அல்ல. அந்த இணையதளம் உங்கள் பிரவுசர் வழியாக அனுப்பும் விளம்பரம்.

அந்தத் தளத்துக்கு நீங்களே அனுமதி கொடுத்திருப்பீர்கள். திருட்டுத்தனமாகப் படம் பார்க்கும் தளங்களிலும், சில ஜாதக, தேர்வு முடிவுத் தளங்களிலும் ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய அலவ் பொத்தானை அழுத்துங்கள்’ என்று கேட்கும். மனிதரா என்று சோதிப்பதற்கும் அந்தப் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை. அதை அழுத்தியதும், அந்தத் தளம் மூடியிருக்கும்போதுகூட உங்கள் திரையில் செய்தி காட்டும் உரிமையைப் பெற்றுவிடுகிறது.

நீக்குவது எளிது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். உங்களுக்குத் தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்ற தெரிவையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அன்றோடு தொல்லை நின்றுவிடும்.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அலாரம் ஒலிக்க, ‘இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்’ என்று வரும் இன்னொரு வகையும் உண்டு. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பிரவுசர் பழைய அளவுக்குத் திரும்பும், பிறகு மூடிவிடலாம். எந்த ஆன்டிவைரஸ் நிறுவனமும் வைரஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்வதில்லை. ஒருவேளை அழைத்துப் பணமும் செலுத்திவிட்டிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறாமல் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த பிறகு என் பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. கோப்புகள் அழிந்துவிட்டனவா?
- ஆராய்ச்சி மாணவி, தூத்துக்குடி

பதில்: அழியவில்லை, ஒளித்துவைக்கப்பட்டிருக்கின்றன. கடைக் கணினியில் இருந்த வைரஸ், உங்கள் உண்மையான ஃபோல்டர்களை மறைக்கப்பட்டவை என்று குறியிட்டுவிட்டு, அதே பெயரில் போலியான ஷார்ட்கட்களை வைத்திருக்கிறது. படத்தின் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி இருப்பதையும், அதன் அளவு ஒன்றிரண்டு கேபி மட்டுமே இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். அதை இரட்டைக் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் இயங்கும், அடுத்த கணமே உங்கள் உண்மையான ஃபோல்டரும் திறக்கும். எதிர்பார்த்தது கண்முன்னே திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஒரே பென் டிரைவ் ஒரு நாளில் ஒரு விடுதியையே தொற்றிவிடுவது இப்படித்தான்.

ஆகவே ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாதீர்கள். வீட்டுக் கணினியில் பென் டிரைவைச் செருகி, அதன் பெயரின் மேல் வலது கிளிக் செய்து, ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்பதைக் கொடுங்கள். கணினி முழுவதையும் சோதிக்கும் ஃபுல் ஸ்கேன், வெளியிலிருந்து செருகப்படும் டிரைவ்களை வழக்கமாகச் சோதிப்பதில்லை என்பதால் இதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பட்டியலில் ஷோ என்பதற்குள் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் உங்கள் ஃபோல்டர்கள் மங்கலான நிறத்தில் தெரியத் தொடங்கும். அவற்றுக்குள் இருக்கும் ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். சில நேரங்களில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் நகர்த்தியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

ஆய்வேட்டின் ஒரே பிரதி அந்தப் பென் டிரைவில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனம் பதறியது. கடைக்கு எடுத்துச் செல்லும் பென் டிரைவில் அச்சிட வேண்டிய பிடிஎஃப் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு போக முடிந்தால் இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறக்காமல், கடையின் முகவரிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய விண்டோஸ் 10 கணினி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டு இதையே தொடர்ந்து பயன்படுத்தலாமா? தம்பியிடம் விண்டோஸ் 7 கணினியும் இருக்கிறது.
- வாசகர், புதுச்சேரி

பதில்: ஆன்டிவைரஸ் வேறு, விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு அப்டேட் வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான பதிவு வசதி இருக்கிறது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அதை நம்பி 2028 வரை கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

காரணத்தை ஒரு நிகழ்வின் மூலம் சொல்கிறேன். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற நிரல் உலகம் முழுவதும் பரவி, 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. யாரும் தவறான இணைப்பைக் கிளிக் செய்ய வேண்டிய அவசியமே அதற்கு இருக்கவில்லை. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அது தானாகவே நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக நுழைய முடியவில்லை. ஓட்டையை அடைக்க ஆளில்லாத விண்டோஸில் ஆன்டிவைரஸ் மட்டும் நின்று எவ்வளவு நாள் தாங்கும்?

உங்கள் கணினியை நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யுங்கள்; அந்தக் காலத்துக்குள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தம்பியின் விண்டோஸ் 7 கணினிக்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினால் அந்தக் கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் உயிர் இருக்கும். மற்றபடி, வேகம் குறைவதற்கு ஆன்டிவைரஸைக் குறை சொல்வதற்கு முன் உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்தானா என்று பாருங்கள். அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த ‘லைட்’ ஆன்டிவைரஸும் தராது.

கேள்வி: ஒரு மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது பணம் கட்டாமலே இயங்கும்படி பூட்டை உடைத்த பதிப்பை, இறக்கினேன். ‘நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், அது தவறாக எச்சரிக்கும்’ என்று குறிப்பு இருக்கிறது. நண்பர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்யாதீர்கள். இதுவரை நான் பார்த்த, வீட்டுப் புகைப்படங்கள் மொத்தமும் பறிபோன நிகழ்வுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறிப்பில்தான் தொடங்கின. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் அழைக்கப்படும் பணயநிரல் இத்தகைய கிராக்குகளோடு சேர்ந்தே பரவியது. படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்க 980 டாலர் கேட்கும்; 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டாலர் என்று சலுகையும் சொல்லும். பூட்டியவற்றைத் திறக்கும் கருவி 2019-இல் இலவசமாக வெளிவந்தாலும், அது பழைய வகைகளுக்கே உதவுகிறது. அப்படி ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பணம் கட்டுவதற்கு முன், நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் தங்கள் வகைக்குத் திறவுகோல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

உண்மையிலேயே சில நேரங்களில் ஆன்டிவைரஸ் நல்ல மென்பொருளையும் தவறாகப் பிடிப்பதுண்டு. சந்தேகம் வந்தால் அந்தக் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுங்கள். கூகுளுக்குச் சொந்தமான அந்த இலவசத் தளம், 70-க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ் எஞ்சின்களில் அதைச் சோதித்து முடிவைக் காட்டும். பெயர் தெரியாத ஓரிரண்டு எஞ்சின்கள் மட்டும் எச்சரித்தால் அது தவறான பிடிப்பாக இருக்கலாம். முப்பது எச்சரித்தால் கோப்பை அழித்துவிடுங்கள். ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுவதால், ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்ற சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றக் கூடாது.

கேள்வி: வீட்டிலேயே சிறிய அளவில் பின்னலாடை ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். கணக்கு, பில் எல்லாம் ஒரே கணினியில். எனக்கும் இலவசம் போதுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் கவனிக்க வேண்டியது உரிமம். அவாஸ்ட், ஏவிஜி போன்றவற்றின் இலவசப் பதிப்புகள் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே; தொழிலுக்குப் பயன்படுத்துவது அவர்களின் நிபந்தனைக்கு மாறானது. டிஃபெண்டர் விண்டோஸின் ஒரு பகுதி என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஏதாவது நேர்ந்தால் நம் மொழியில் பேசி உதவி கேட்க ஆள் வேண்டும் என்று நினைத்தால் கட்டணப் பதிப்பு வாங்குவதில் தவறில்லை. 1991 முதல் சென்னையில் இயங்கும் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன. வாங்குவதற்கு முன், தமிழில் உதவி கிடைக்குமா என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பணத்தில் முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்பேன். வாரம் ஒருமுறை கணக்குக் கோப்புகளை அதில் நகலெடுத்துவிட்டு, கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டுவிட்டால் பணயநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கேள்வி: என் ஆன்டிவைரஸ் உண்மையில் வேலை செய்கிறதா என்று வைரஸ் இல்லாமலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
- பத்தாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

பதில்: முடியும், தம்பி. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு இதற்காகவே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை வரியை உருவாக்கியிருக்கிறது. அதில் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோலவே நடந்துகொள்ள வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐகார் அமைப்பின் இணையதளத்தில் அந்தக் கோப்பு கிடைக்கும். இறக்க முயன்றதும், சேமிக்கும் முன்பே டிஃபெண்டர் பிடித்துவிட்டதாக அறிவிப்பு வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கோப்பு அமைதியாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் உட்கார்ந்து, திறக்கும்போதும் எதுவும் நடக்கவில்லை என்றால் ரியல் டைம் புரொடெக்‌ஷன் அணைந்திருக்கிறது. உடனே அதை ஆன் செய்துவிட்டு மீண்டும் முயன்று பார். பள்ளிக் கணினியில் மட்டும் ஆசிரியரிடம் சொல்லாமல் செய்யாதே; எச்சரிக்கையைப் பார்த்து அவர்கள் உண்மையான வைரஸ் என்று நினைத்துவிடுவார்கள்.